ஏழு கிலோ கைப்பை

உப்புவெளி விடுதியில்
பத்தாம் அறைக்கு வெளியே, படிக்கட்டில்தான்
வைஃபை நாலு கோடும் நிற்கும்.
கடைசித் துவாலையையும் கொடியில் போட்டுவிட்டு
அங்கே குந்துவேன்,
இரவு பத்தரைக்கு மேல்.

கொழும்பிலிருந்து திருச்சி.
ஒருவர். போகவும் வரவும்.
திகதியில் கைவைத்தால் மாதம் முழுக்க விரிகிறது,
ஒவ்வொரு நாளின் காலடியிலும் ஒரு விலை.
வெள்ளிக்கிழமை சிவப்பு.
செவ்வாய் பச்சை.
செவ்வாயில் நல்லது தொடங்கக்கூடாதென்று
அம்மா சொன்னது
விமானக்காரருக்கும் தெரிந்திருக்கிறது போல.

வரவேற்பு மேசை இஹ்ஸான் சொன்னான்:
'திரும்பத் திரும்பத் தேடாதீங்க அக்கா.
உங்களுக்கு வேணுமெண்டு அதுக்கு விளங்கினா
விலையை ஏத்திப் போடும்.'
எனக்கு இது புதிதில்லை.
சந்தையில் பாரைமீனுக்குப் போகிறவள்
முதலில் சூடையைத்தான் விலை கேட்பாள்.
அதனால் நான்
மதுரை கேட்டேன்.
மாலைதீவும் கேட்டேன், சும்மா.
பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி,
திருச்சி.

முந்நூறு ரூபாய் ஏறியிருந்தது.

நடுவில் அது எனக்கொரு யோசனை சொன்னது:
'திருகோணமலை. உங்களுக்குப் பிடிக்கக்கூடும்.'
தொட்டால் எங்கள் விடுதி, ஏழாம் அறை.
கட்டில் விரிப்பின் மூலை மடிப்பு என்னுடையது;
என் மடிப்பு எனக்குத் தெரியாதா.
ஓர் இரவுக்குப் போட்டிருந்த விலை
என்னுடைய எட்டு நாள்.
காலைச் சாப்பாடும் சேர்த்தாம்.
நல்லது.

பிறகொரு நாள் பட்டியலில் கப்பல் வந்தது.
காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம்.
விமானத்தின் பாதிகூட இல்லை.
யாழ்ப்பாணத்துக்கு பஸ்,
துறைமுகத்துக்கு ஓட்டோ,
இறங்கினால் திருச்சிக்கு இன்னொரு பஸ்,
வழியில் இரண்டு தேத்தண்ணி:
சலவைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்
மேலிருந்து கூட்டினேன், கீழிருந்தும் கூட்டினேன்.
எப்படிக் கூட்டினாலும் கப்பல்தான்.

படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.

நாகபூசணி அக்கா
தொண்ணூறில், மன்னார்க் கரையில்
இரண்டு காப்பையும் கழற்றிக் கொடுத்து
முப்பத்தொரு பேரோடு ஏறிப் போனவள்.
அதற்கு இருக்கை இலக்கம் இல்லை.
ரத்துச் செய்தால் பணம் திரும்பாதென்று
ஒருவரும் முன்கூட்டி எழுதிக் காட்டவில்லை.
இறங்கும்போது எத்தனை பேரென்று
நான் இதுவரை கேட்டதில்லை.

நீலக் கோடு இரண்டும் விழுந்தது.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
கடைசியில் வந்தது:
'கடலால வராத.'
கொஞ்ச நேரத்தால்:
'மிச்சக் காசை நான் போடுறன்.'
அதற்கும் பிறகு:
'பிளேன் முகாமுக்கு மேலாலதான் இறங்கும்.
குழாயடியில நிண்டு பாப்பன்.'

செவ்வாய்க்கிழமை, காலை விமானம்.
பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி.
இஹ்ஸானின் அட்டை, என் விரல்.
மேலே ஒரு கடிகாரம்
பதினைந்து நிமிடத்திலிருந்து கீழே இறங்குகிறது.
ஓடிபி அவனுடைய போனுக்கு வரும்;
அவனோ விருந்தாளிக்கு நுளம்புச்சுருள் கொடுக்கப் போய்விட்டான்.
படியேறி ஓடி வந்தவன் மூச்சுவாங்க
ஆறு இலக்கம் சொன்னான்.
நாலு நிமிடம் மிச்சம்.

கைப்பை ஏழு கிலோ இலவசம்.
அதற்கு மேலே கிலோக் கணக்கு.
சூடைக் கருவாடு
ஐந்து கிலோ கொண்டுபோக எண்ணியிருந்தேன்.
கருவாட்டின் விலையைவிட
கருவாட்டின் பயணச்சீட்டு கூட.

சரி, உடுப்பைக் குறைக்கலாம்.
முந்தி,
அக்காவின் சட்டை எனக்கு அளவாயிருந்தது.